ஏற்காட்டில் வாங்கும் முள்செடி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஏற்காடு கோடை விழா முடிந்து இறங்கும் வண்டிகளில் நர்சரிப் பைகள் தவறாமல் இருக்கும். சிவப்புப் பூவோடு கண்ணைப் பறிக்கும் முள் யூபோர்பியாவும் அவற்றில் ஒன்று. சேலம் வந்தபின் அடித்தண்டு அழுகிச் சாய்ந்தால் பழி வெயில்மேல் போகிறது. மடகாஸ்கரின் வறண்ட பாறை நிலத்துச் செடிக்கு நம் வெயில் ஒரு பொருட்டா? கொல்வது பையிலுள்ள தேங்காய் நார்த்தூள். மேலே காய்ந்து தெரியும், நடுவில் ஈரம் ஊறிக்கொண்டே இருக்கும்.

வந்த வாரமே நார்த்தூளை உதறிவிட்டு மாற்றி நட வேண்டும். செம்மண் ஒரு பங்கு, பருமணல் இரண்டு பங்கு, மக்கிய எரு அரைப் பங்கு. எம்-சாண்ட் என்றால் தூசி போகக் கழுவாமல் சேர்க்கக்கூடாது. தொட்டி ஓட்டையை அடைத்துவிடும். அறுந்த வேர் ஆறும்வரை ஐந்து நாள் தண்ணீர் வேண்டாம். நிழல்வலைக்குள் வளர்ந்த செடி என்பதால் பத்து நாள் காலை வெயில் மட்டும் காட்டி, பிறகு மாடிக்கு ஏற்றலாம்.

இலை பழுத்தால் உடனே ஒரு செம்பு தண்ணீர் ஊற்றுவது நம் வீடுகளில் வழக்கம். தாகத்திலும் இலை உதிரும், ஈரம் மிஞ்சினாலும் உதிரும். தண்டின் அடியை (முள் பார்த்து) அழுத்திப் பாருங்கள். சுருங்கியும் கெட்டியாக இருந்தால் தாகம். கொழகொழத்தால் அழுகல், அதற்கு வைத்தியம் கத்திதான். வெட்டுவாயில் பழுப்புப் புள்ளி தெரியாத இடம்வரை மேலே மேலே வெட்டி, நல்ல நுனியை வெதுவெதுப்பான நீரில் முக்கினால் பால் நிற்கும். ஒரு வாரம் நிழலில் காயவிட்டு, லேசாக ஈரமான மணலில் ஊன்றினால் ஒன்றரை மாதத்தில் வேர் பிடிக்கும்.

விற்கும்போது யாரும் வாய் திறக்காத விஷயம் அந்தப் பால். சதுரக்கள்ளி, திருகுகள்ளிக்குப் பங்காளி இந்தச் செடி. வேலிக் கள்ளியிடம் குழந்தையை விடாதவர்கள்கூட இதை ஜன்னல் திட்டில், குழந்தையின் முகத்துக்கு நேராக வைக்கிறார்கள். தோலில் பட்டால் எரிச்சல். சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். கண்ணில் தெறித்தால் கால் மணி நேரம் ஓடும் நீரில் அலசிவிட்டு நேரே மருத்துவரிடம் போக வேண்டும். வெட்டும்போது கையுறையோடு கண்ணாடியும் அவசியம்.

கோடை விழாவில் செடி விற்போர் இந்த இரண்டையும், பாலையும் நார்த்தூளையும், துண்டுச் சீட்டில் அச்சடித்துப் பையோடு தர வேண்டும் எனத் தோட்டக்கலைத் துறை வலியுறுத்தலாம். விலைச்சீட்டின் பின்பக்கமே போதும்.

இப்படிக்கு,
வாசகர்,
அஸ்தம்பட்டி, சேலம்.