மெயின் தெரு மஞ்சள் வீட்டுத் தோட்டம்

ஆம்ஹர்ஸ்ட்,
ஜூன் இரண்டாம் வாரம்.

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவும் நானும் நலம். சென்ற ஞாயிறு தொலைபேசியில் பேசியபோது, மெயின் தெருவிலுள்ள அமெரிக்கக் கவிஞர் எமிலி டிக்கின்சன் வீட்டுத் தோட்டத்தில் களை எடுத்துவிட்டு வந்தேன் என்று சொன்னதும் நீ சிரித்தாய். நம் வீட்டுப் புல்லை வெட்டச் சொன்னால் முழங்கால் வலி என்று சொல்கிறவர் ஊரார் தோட்டத்தில் குனிந்து வேலை செய்கிறாரா என்று கேட்டாய். அது நியாயமான சிரிப்புத்தான். ஆனால் அதற்குப் பிறகு, ஒரு தோட்டத்தைத் திரும்ப உண்டாக்க இத்தனை வருடங்களா, நாலு பேர் மண்வெட்டி எடுத்தால் ஒரு வசந்தத்தில் முடிகிற வேலைதானே என்று கேட்டாயே, அதற்கு என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. நான் சொல்ல வந்ததைக் கோவைப்படுத்துவதற்குள் உனக்கு வேறு அழைப்பு வந்துவிட்டது. ஆகவே எழுதுகிறேன்.

பள்ளிப் பேருந்தில் போகும்போது அந்த வீட்டை நீ நாள் தவறாமல் பார்த்திருப்பாய். செங்கல் சுவரின்மேல் மங்கிய மஞ்சள் பூசி, ஜன்னல்களுக்குப் பச்சைக் கதவுகள் வைத்து, ஹெம்லாக் வேலிக்குப் பின்னால் நிற்கிற அந்த வீட்டைக் கவிஞரின் தாத்தா 1813 வாக்கில் கட்டினார். எமிலி 1830 டிசம்பர் 10-ல் பிறந்ததும் அங்கேதான், 1886 மே 15-ல் இறந்ததும் அங்கேதான். நடுவில் சுமார் பதினைந்து ஆண்டுகள் மட்டும் குடும்பம் நார்த் பிளசன்ட் தெருவில் வேறொரு வீட்டில் இருந்தது. அந்த வீட்டை இடித்துவிட்டார்கள். அது இருந்த இடத்தில் இப்போது ஒரு பெட்ரோல் பங்க் இருக்கிறது. நீ ஓட்டுநர் உரிமம் வாங்கிய புதிதில் நாம் பலமுறை பெட்ரோல் போட்டிருக்கிறோம். ஒரு மகாகவி ஒன்பது வயது முதல் இருபத்து நாலு வயது வரை வாழ்ந்த இடத்தில் நின்றுகொண்டு நாம் டயருக்குக் காற்றுப் பிடித்தோம் என்பது அப்போது எனக்கே தெரியாது.

1855-ல் தந்தை எட்வர்ட் டிக்கின்சன் பழைய வீட்டைத் திரும்ப வாங்கியபோது, இரண்டு மகள்களுக்காகவும் வீட்டோடு ஒட்டிக் கண்ணாடி ஜன்னல்கள் வைத்த ஒரு சிறிய செடி அறையைக் கட்டிக் கொடுத்தார். வெளியே பனி முழங்கால் அளவு கிடக்கும் ஜனவரியில், எமிலி அந்த அறைக்குள் பெரணிகளும் ஹீலியோட்ரோப்பும் மல்லிகையும் வளர்த்தார். மல்லிகை என்றதும் அம்மா காதைத் தீட்டிக்கொண்டாள். பள்ளிப் பருவத்தில் எமிலி செடிகளைப் பறித்து, அழுத்திக் காயவைத்து, தாளில் ஒட்டித் தன் கையெழுத்தில் லத்தீன் பெயர்கள் எழுதிய ஒரு தொகுப்பு இருக்கிறது. 66 பக்கங்களில் 424 மாதிரிகள் கொண்ட அந்தத் தொகுப்பு இப்போது ஹார்வர்டின் ஹௌட்டன் நூலகத்தில் இருக்கிறது. அதன் முதல் பக்கத்தில் ஒரு மல்லிகைக் கிளை ஒட்டப்பட்டிருக்கிறது. அதை அம்மாவுக்குக் கணினியில் காட்டியபோது அவள் வெகுநேரம் பார்த்துவிட்டு, "வாடினாலும் தெரிகிறது" என்று மட்டும் சொன்னாள்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். ஒரு தோட்டம் அழிவதற்கு யாரும் அதை வெட்டிப்போட வேண்டியதில்லை, மகளே. பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் போனால் போதும். தங்கை லவினியா 1899-ல் மறைந்த பிறகு வீடு வாடகைக்கு விடப்பட்டு, 1916-ல் வேறு குடும்பத்துக்கு விற்கப்பட்டது. செடி அறையை அப்போதே பிரித்துவிட்டார்கள். பூம்பாத்திகள் புல்வெளியாயின. 1938-ல் நியூ இங்கிலாந்து என்கிற இந்த வடகிழக்கு அமெரிக்கப் பகுதி முழுவதையும் புரட்டிப் போட்ட பெரும் சூறாவளியில் இந்த வட்டாரத்து மரங்கள் ஏராளமாகச் சாய்ந்தன. 1965-ல் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரி வீட்டை வாங்கியது. பக்கத்திலுள்ள அண்ணன் ஆஸ்டினின் எவர்கிரீன்ஸ் வீட்டையும் இதையும் சேர்த்து அருங்காட்சியகமாக ஆக்கியது 2003-ல்தான். அப்படியென்றால் எமிலி இறந்து நூற்றுப்பதினேழு ஆண்டுகள். அத்தனை காலம் கழித்து அந்த மண்ணைப் பார்த்து, இங்கே எந்தச் செடி எந்த வரிசையில் நின்றது என்று கேட்டால் அது என்ன பதில் சொல்லும்?

சொல்கிறது என்பதுதான் எனக்கு ஆச்சரியம். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் தொல்லியலாளர்கள் வந்து அந்த வளாகத்தை அங்குலம் அங்குலமாகத் தோண்டிப் பார்த்திருக்கிறார்கள். நம்மில் பலருக்குத் தொல்லியல் என்றால் கீழடியும் முதுமக்கள் தாழியும்தான் நினைவுக்கு வரும். நூற்றைம்பது வருடத்துப் பூந்தோட்டத்துக்கும் அதே கரண்டியும் தூரிகையும்தான் வேண்டும் என்பது எனக்குப் புதிய செய்தி. ஆண்டுக்கணக்கில் ஆட்கள் நடந்த பாதையில் மண் இறுகிக் கிடக்கும். உரம் போட்டுக் கொத்திய பாத்தியில் அது கறுத்துப் பொலபொலவென்று இருக்கும். மேலே புல் மூடியிருந்தாலும் அடியில் அந்த வேறுபாடு அழிவதில்லை. முப்பது வருடம் பாலங்களுக்கு அடித்தளம் போட மண்ணைச் சோதித்தவன் நான்; மண் எவ்வளவு பாரம் தாங்கும் என்று கேட்டிருக்கிறேனே தவிர, உன்மேல் யார் நடந்தார்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

மண் சொல்லாததை மற்றவை சொல்கின்றன. எமிலியின் கடிதங்களில் எந்த மாதம் எந்தப் பூ மலர்ந்தது என்ற செய்தி நிறைய உண்டு. அண்ணன் மகள் மார்த்தா பிற்காலத்தில் அத்தையின் தோட்டத்தைப் பற்றி எழுதிவைத்த நினைவுகளும் இருக்கின்றன. கவிதைகளும் சாட்சிதான். தேனீ குடிபோதையில் தள்ளாடுவதும், ஃபாக்ஸ்க்ளோவ் மலரின் வாசலிலிருந்து அது துரத்தப்படுவதும் வருகிற கவிதை, அவர் உயிரோடு இருக்கும்போதே அச்சான மிகச் சிலவற்றுள் ஒன்று. 1861 மே மாதம் ஸ்பிரிங்ஃபீல்டு செய்தித்தாளில் அவர் பெயர் இல்லாமலே வெளிவந்தது. ஏறக்குறைய 1,800 கவிதைகள் எழுதிய அவரை அக்கம்பக்கத்தார் அந்தக் காலத்தில் தோட்டக்காரியாகத்தான் அதிகம் அறிந்திருந்தார்கள். பூங்கொத்து அனுப்பும்போது அதற்குள் ஒரு சிறு தாளில் கவிதை வைத்து அனுப்புவாராம். பூவைத் தண்ணீரில் வைத்துவிட்டுத் தாளைத் தூக்கிப்போட்டவர்கள் எத்தனை பேரோ!

செடி அறையின் கதை எனக்கு இன்னும் பிடித்தது. 1916-ல் அதைப் பிரித்தவர்கள் ஜன்னல்களையும் கதவையும் விறகாக்கிவிடாமல் எடுத்து வைத்திருக்கிறார்கள். ஏன் வைத்தார்கள் என்று கேட்டால், நம் வீட்டுப் பரணில் உன் தாத்தாவின் உடைந்த சாய்வு நாற்காலி ஏன் கிடக்கிறதோ அதே காரணமாகத்தான் இருக்கும். நூறு வருடம் கழித்து 2017-ல் பழைய அஸ்திவாரத்தைத் தேடிக் கண்டுபிடித்து, அந்தப் பழைய ஜன்னல்களையே மாட்டி அறையைத் திரும்பக் கட்டினார்கள். நான் போய் நின்று பார்த்தேன். நாலு பேர் சேர்ந்து நின்றால் மூச்சு முட்டும். கண்ணாடி வழியாக வெயில் தரையில் விழுந்தபோது, குளிர்காலம் முழுவதும் ஒருவர் இந்த ஒரு சதுர வெயிலை நம்பி எழுதியிருக்கிறார் என்று தோன்றியது. நம் கட்டடத் தொழிலில் பழையதை இடித்துப் புதிதாகக் கட்டுவதே சிக்கனம் என்று வாதாடியவன் நான். பலமுறை வாதாடி வென்றும் இருக்கிறேன். அவற்றில் ஒன்றிரண்டை இப்போது நினைத்தால் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

பழத்தோட்டத்திலும் அதே பிடிவாதம்தான். கடையில் கிடைக்கிற நல்ல ஆப்பிள் கன்றை நட்டால் மூன்றாம் வருடமே காய்க்கும் என்பது அருங்காட்சியகத்தாருக்குத் தெரியாததல்ல. இருந்தும் பால்டுவின், ராக்ஸ்பரி ரசெட் போன்ற பழைய நியூ இங்கிலாந்து வகைகளைத்தான் நட்டிருக்கிறார்கள். ரசெட் பழத்தின் தோல் சொரசொரப்பாக, பழுப்பாக, பார்ப்பதற்குச் சுமாராக இருக்கும். ஆனால் நிலவறையில் வைத்தால் குளிர்காலம் தாங்கும். குளிர்பெட்டி இல்லாத வீட்டுக்கு அழகைவிட அதுதான் முக்கியம் என்று யோசித்துப் பார்த்தால் விளங்குகிறது.

மே மாதக் கவிதை நடைக்கு இந்த ஆண்டு அம்மாவையும் அழைத்துக்கொண்டு போனேன். எமிலி இறந்த நாளை ஒட்டி ஆண்டுதோறும் நடப்பது அது. ஊரில் அவரோடு தொடர்புள்ள இடங்களில் நின்று நின்று கவிதை வாசித்துக்கொண்டே கடைசியில் வெஸ்ட் கல்லறைத் தோட்டத்துக்குப் போவார்கள். அன்று காலை தூறல். மாணவர்கள், குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்த தாய், என்னைவிட மூத்த ஓர் அம்மையார் என்று பலரும் குடை பிடித்தபடி நடந்தார்கள். 1886-ல் எமிலியின் வெள்ளைச் சவப்பெட்டியைத் தெரு வழியாகக் கொண்டுபோகவில்லை. அந்த வீட்டில் வேலை பார்த்த ஐரிஷ் தொழிலாளர்கள் அதைச் சுமந்து, பின்வாசல் வழியாக வெளியேறி, தோட்டத்தைக் கடந்து, கொட்டகைக்குள் புகுந்து, மஞ்சள் பட்டர்கப் பூத்த வயல்களின் ஊடே கொண்டு போனார்கள். லவினியா அவர் கையில் இரண்டு ஹீலியோட்ரோப் மலர்களை வைத்து அனுப்பினாராம். இதைக் கேட்டதும் அம்மா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். கல்லறைக் கல்லில் 'திரும்ப அழைக்கப்பட்டார்' என்ற பொருளில் இரண்டே சொற்கள். இரும்பு வேலிக்குள் யார் யாரோ வைத்த டெய்சிப் பூக்களும் பேனாக்களும் மழையில் நனைந்து கிடந்தன.

தோட்ட வேலை நாட்கள் அதற்குப் பிறகு வருபவை. இங்கே மே நடுவில்கூட உறைபனி விழலாம் என்பதால் பெரிய வேலைகள் ஜூனை ஒட்டித்தான் நடக்கின்றன. தன்னார்வலர்களுக்குக் களைக்கொத்தியும் வாளியும் கையுறையும் கொடுத்து, ஆளுக்கு ஒரு பாத்தியைப் பிரித்துவிட்டார்கள். பியோனிகளுக்கு அடியில் களை எடுப்பது என் பங்கு. எமிலி ஒரு சிவப்புக் கம்பளியை விரித்து அதன்மேல் மண்டியிட்டு வேலை செய்வாராம். நான் உன் பழைய யோகா விரிப்பை எடுத்துப் போனேன், கோபித்துக்கொள்ளாதே. பியோனி மொட்டுகளில் எறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது. ஈரமண் வாசனையும் யாரோ தெரியாதவர்களோடு முதுகு வலிக்கப் பேசுவதும், பணி ஓய்வுக்குப் பிறகு எனக்கு வாய்க்காமலிருந்த ஒரு சுகம்.

அங்கேதான் தவறு செய்தேன். சாம்பல் பச்சையில், மெல்லிய பூனைமுடி படர்ந்து, தரையோடு தரையாகப் பரவியிருந்த சிறு செடிகளைக் களை என்று நினைத்து வேரோடு பிடுங்கி வாளியில் போட்டுக்கொண்டே வந்தேன். ஆறேழு பிடுங்கியிருப்பேன். எங்களுக்கு வேலை சொல்லிக்கொண்டிருந்த பெண்மணி வாளியை எட்டிப் பார்த்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்ததுமே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவை தானாக விதை விழுந்து முளைத்த ஃபாக்ஸ்க்ளோவ் நாற்றுகள். தேனீயை வாசலிலிருந்து துரத்திய அதே பூ! வீட்டில் நூறு பக்கம் படித்துவிட்டு வந்தவன், செடியை நேரில் கண்டால் அடையாளம் தெரியாதவன். அவர் கடிந்துகொள்ளவில்லை, என் பக்கத்தில் மண்டியிட்டு, விரலால் குழி செய்து, ஒவ்வொன்றையும் திரும்ப வைத்து மண்ணை அழுத்தி, கொஞ்சம் தண்ணீர் ஊற்றச் சொன்னார். நான்கைந்து ஆண்டுகளுக்கு முன் அந்த மூலையில் அந்தச் செடி ஒன்றுகூடத் தங்கவில்லை, இப்போதுதான் தானாக விதைக்கத் தொடங்கியிருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

நேற்று மாலை நடக்கப் போனவன் உள்ளே எட்டிப் பார்த்தேன். இரண்டு பட்டுவிட்டன. மற்றவை வெளி இலைகள் கருகியிருந்தாலும் நடுக்குருத்து நிமிர்ந்திருக்கிறது. முதல் ஆண்டில் இலை மட்டும் விட்டு இரண்டாம் ஆண்டில்தான் அது பூக்குமாம். அடுத்த ஜூனில் உனக்கு விடுப்புக் கிடைக்குமா என்று இப்போதே கேட்டு வை. உன் யோகா விரிப்பைத் துவைத்துவிட்டேன். மண் கறை முழுவதும் போகவில்லை.

அன்புடன்,
அப்பா