சிறு தீ என்பது எந்த எண்?

அன்புள்ள நண்பனுக்கு,

நலம். அங்கும் அனைவரும் நலம் என்று நம்புகிறேன். இரண்டு மாதமாக எழுதாதது என் தவறுதான், கோபித்துக்கொள்ளாதே. நீயும் இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கப்போவதாகச் சொல்லியிருந்ததால், எங்கள் வீட்டுக்குப் புதிதாக வந்திருக்கும் அடுப்பில் நான் கற்றுக்கொண்டதை உடனே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

முதல் வாரம் பால் காய்ச்சுவதே பெரும்பாடாக இருந்தது. ஆகக் குறைந்த எண்ணில் வைத்தாலும் பால் சில நொடிகள் நுரைத்து எழும்பும், பிறகு அடங்கும், மீண்டும் எழும்பும். அடுப்பில் கோளாறு என்றே நினைத்தேன். ஒருநாள் குனிந்து காதுகொடுத்துக் கேட்டபோதுதான், அடியிலிருந்து ரீங்காரம் வரும்போது பால் எழுவதும், அது நின்றதும் அடங்குவதும் புரிந்தது. கேஸ் அடுப்பை சிம்மில் வைத்தால் சுடர் சிறுத்துச் சீராக எரியும். இங்கே ஆகக் குறைந்த எண் 300 வாட் என்று வைத்துக்கொள், பல அடுப்புகள் அதை இடைவிடாமல் தருவதில்லை. 1000 வாட்டை 3 நொடி கொடுத்து 7 நொடி நிறுத்துவதுபோல, விட்டுவிட்டுத் தந்து சராசரியைத்தான் 300 ஆக்குகின்றன. மெல்லிய பாத்திரத்தை எடுத்துவிட்டு அடிகனமான பாத்திரத்தை வைத்தேன். ஏறிய சூட்டை அது தன்னிடம் வைத்திருந்து மெல்ல விட்டதால், அன்றே பால் அமைதியாகக் காய்ந்தது.

இனிச் சொல்வதை நீ கட்டாயம் கவனிக்க வேண்டும். வாட் என்பது சூடு ஏறும் வேகம். டிகிரி என்பது அடுப்பு நிறுத்தப் பார்க்கும் எல்லை. தண்ணீருக்கு 240 டிகிரி வைத்தாலும் அது 100 டிகிரியைச் சுற்றித்தான் கொதிக்கும், கூடுதல் சூடெல்லாம் ஆவியாகத்தான் போகும். எண்ணெய் அப்படியல்ல, ஏறிக்கொண்டே இருக்கும். அந்த எல்லையை அளக்கும் சென்சார் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. பாத்திரத்தின் சூடு கண்ணாடியைக் கடந்து அதை எட்டுவதற்குள் பாத்திரம் நாம் வைத்த டிகிரியைத் தாண்டிவிடலாம். ஒரு லிட்டர் தண்ணீரை 2000 வாட்டில் ஏறக்குறைய 3 நிமிடத்தில் கொதிக்க வைக்கும் வேகம், காலிப் பாத்திரத்தையோ கொஞ்சம் எண்ணெயையோ என்ன செய்யும் என்று எண்ணிப் பார். அக்கா எதையும் உச்சத்தில் வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவார் என்பது உனக்குத் தெரியும். அதனால் அவரிடம் நீயே நேரில் சொல். நான் சொன்னால் சிரிப்பார்.

யார் சொல்லியும் நீ விடாமல் வைத்திருக்கும் அந்த அலுமினியப் பாத்திரத்துக்கு இனி ஓய்வுதான். அடியில் காந்தம் ஒட்டாத எதுவும் இதில் சூடேறாது. வாங்கும் முன், தண்ணீர் வைத்து ஆகக் குறைந்த எண்ணில் ஓட்டிக் காட்டச் சொல்லி, ரீங்காரம் எத்தனை நொடிக்கு ஒருமுறை நிற்கிறது என்று எண்ணிவிட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
உன் நண்பன்