‘ஹந்த’ என்ற ஒரு சொல்

அன்புள்ள நண்பர் சீனிவாசனுக்கு,

வணக்கம். இங்கு அனைவரும் நலம். மூட்டுவலிக்காக நாராயணீயம் பாராயணம் தொடங்கியிருப்பதாகவும், பொருள் தெரியாமல் படிப்பது உறுத்துவதாகவும் எழுதியிருந்தீர்கள். முதல் சுலோகத்தைப் பற்றி மட்டும் இப்போது எழுதுகிறேன்.

மேல்பத்தூர் நாராயண பட்டதிரி வாத நோயால் முடங்கிய நிலையில், குருவாயூர் சன்னிதியில் அமர்ந்து, 18,000 சுலோகங்கள் கொண்ட பாகவதத்தை 100 தசகங்களாக, அதாவது ஏறக்குறையப் பத்துப் பத்துச் சுலோகங்கள் கொண்ட பகுதிகளாகச் சுருக்கிப் பாடியதே நாராயணீயம். அந்த நோய் அவருடைய குரு அச்யுத பிஷாரடியுடையது என்றும், சீடர் அதை விரும்பித் தம் உடலில் ஏற்றுக்கொண்டார் என்றும் கேரளத்தில் சொல்வார்கள். பெரும்பாலான தசகங்கள் ‘என் பிணியைத் தீர்த்தருள்’ என்ற விண்ணப்பத்தோடுதான் முடிகின்றன.

ஆனால் தொடக்கத்தில் நோயைப் பற்றிய பேச்சே இல்லை. செறிந்த ஆனந்தமும் அறிவுமே வடிவானது, ஒப்பற்றது, காலம் இடம் என்னும் எல்லைகளுக்கு அப்பாற்பட்டது, நூறாயிரம் வேதவாக்குகள் விளக்கியும் எளிதில் தெளிவாகாதது என்று பிரம்மத்தை அடுக்கிக்கொண்டே போய், கடைசி அடியில் சட்டென்று, ‘அது இதோ குருவாயூரில் கண்ணெதிரே ஒளிர்கிறது, ஹந்த, பாக்யம் ஜனானாம்’ என்று முடிக்கிறார். வேதாந்த வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்களைக் கையைப் பிடித்து இழுத்துவந்து கருவறை முன்னால் நிறுத்திவிட்டார்!

‘ஹந்த’ என்பது வடமொழியில் மகிழ்ச்சிக்கும் வரும், துயரத்துக்கும் வரும். இங்கே ‘அடடா, மக்கள் செய்த பாக்கியம்!’ என்பதே நேர்ப்பொருள். இருந்தாலும், கிடைத்தற்கரியது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது மனத்தாலும் சொல்லாலும் உடலாலும் வேறொன்றை நாடுவது நம் அற்பத்தனமே என்று அடுத்த சுலோகத்திலேயே கடிந்துகொள்வதைப் படித்துவிட்டுத் திரும்பினால், ‘அடடா’வுக்குள் ஓர் ‘அந்தோ’வும் கேட்பதாக எனக்குத் தோன்றுகிறது. உரைகாரர்கள் ஒப்புவார்களா என்பது வேறு விஷயம். ‘எல்லாப் பீடைகளும் நீங்க அவனையே பற்றுகிறோம்’ என்று அந்த இரண்டாம் சுலோகத்தில்தான் வலி முதன்முதலாகத் தலைகாட்டுகிறது. அங்கும் ‘நான்’ என்று சொல்லாமல் ‘நாம்’ என்றே சொல்கிறார்.

நூலின் இறுதிச் சொல் ‘ஆயுராரோக்யஸௌக்யம்’. இத்துதி நீண்ட ஆயுளும் ஆரோக்கியமும் சுகமும் தரட்டும் என்ற வாழ்த்து அது. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் கடபயாதி முறையில் ஆ 0, யு 1, ரா 2, ரோ 2, க்ய 1, ஸௌ 7, க்யம் 1 என்று கொண்டு வலமிருந்து படித்தால் 17,12,210 வரும். கலியுகம் தொடங்கியதிலிருந்து எண்ணினால் வரும் அத்தனையாவது நாளில், அதாவது 1586-ஆம் ஆண்டின் இறுதியில், நூல் நிறைவுற்றது. அச்யுத பிஷாரடி கணிதத்திலும் வானியலிலும் வல்லவர் அல்லவா. நோய் மட்டுமா அவரிடமிருந்து சீடருக்கு வந்தது!

பாராயணத்தின்போது சம்மணமிட்டு அமர வேண்டாம், நாற்காலியே போதும். வைத்தியர் கொடுத்த தைலத்தையும் நிறுத்திவிடாதீர்கள்.

தங்கள் அன்புள்ள,
கோபாலன்