வெந்நீர் அடுப்பில் போட்ட நோட்டு

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை நீ பேசிவிட்டு வைத்ததிலிருந்து எனக்கு மனசு ஒரு நிலையில் இல்லை. "ரெண்டு வருஷம் வீணாப் போச்சும்மா" என்றாய். நான் "சாப்பிட்டியா?" என்று கேட்டேன். அந்த நேரத்தில் வேறு எதுவும் வாயில் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நீயும் உன் கூட இருந்தவர்களும் களிமண்ணில் பிடித்து, அச்செடுத்து, சிலிக்கானில் வார்த்து, ரோமம் ரோமமாக ஊன்றிய அந்த உருவத்தின் படத்தை நீ முன்பு அனுப்பியிருந்தாய். கழுத்துப் பக்கம் தோல் மடிகிற இடத்தை மட்டும் பெரிதாக்கிப் பார்த்தேன். கிழவிகளின் கழுத்து அப்படித்தான் மடியும். ஒரு நாள்கூட கேமரா முன்னால் நிற்காமல் அது பெட்டிக்குள் போய்விட்டது, படத்தையே நிறுத்திவிட்டார்கள் என்றால் யாருக்குத்தான் தாங்கும்.

நீ டொரண்டோ போன புதிதில் ஒரு பெயர் சொன்னாய், நினைவிருக்கிறதா? "டெல் டோரோ இந்த ஊர்லதாம்மா படம் எடுப்பாரு. ‘தி ஷேப் ஆஃப் வாட்டர்’ இங்க எடுத்ததுதான்" என்று. அன்றைக்குத்தான் அந்தப் பெயரைக் கேட்டேன். நூலகத்தில் 26 வருஷம் இருந்தவளுக்கு ஒரு பெயர் காதில் விழுந்தால் தேடிப் பார்க்காமல் இருக்க முடியாது. கில்லெர்மோ டெல் டோரோவின் படங்களை, கீழே ஓடும் ஆங்கில வரிகளை நிறுத்தி நிறுத்திப் படித்துப் பார்த்தேன். பேட்டிகளைத் தேடிப் படித்தேன். உன்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. சொன்னால் இன்னொன்றையும் சொல்ல வேண்டிவரும் என்று பயம். இன்றைக்கு அதையும் சொல்லிவிடுகிறேன்.

அவர் 1964 அக்டோபர் 9 அன்று மெக்சிகோவில் குவாடலஹாரா நகரத்தில் பிறந்தவர். அப்பா கார் வியாபாரி. அவருக்கு லாட்டரியில் பரிசு விழுந்தது. பணம் வந்த வீட்டில் நூலகம் இருக்க வேண்டும் என்று புத்தகங்களை வாங்கி அடுக்கிவிட்டார். அதையெல்லாம் எடுத்துப் படித்தது மகன்தான். ஓவியங்களைப் பற்றிய கலைக்களஞ்சியம் ஒன்று, நோய்களைப் பற்றிய மருத்துவக் களஞ்சியம் ஒன்று, இரண்டையும் மாற்றி மாற்றிப் புரட்டியிருக்கிறான் அந்தப் பிள்ளை. ஓவியம் ஒரு கண்ணிலும் கட்டியும் புண்ணும் மறு கண்ணிலுமாக வளர்ந்தவர் பின்னாளில் என்ன மாதிரி படம் எடுப்பார் என்று அப்போதே தெரிந்துவிடுகிறது.

சின்ன வயதில் ராத்திரி அறைக்குள் பூதங்கள் தெரியுமாம். எழுந்து ஒன்றுக்குப் போகப் பயந்து படுக்கையிலேயே போய்விடுவாராம், திட்டும் வாங்குவாராம். ஒரு நாள் அந்தப் பூதங்களோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்: ‘என்னைப் பாத்ரூம் போக விட்டால் ஆயுசு முழுக்க உங்களுக்கு நண்பனாக இருப்பேன்.’ இதைப் பல இடங்களில் சொல்லியிருக்கிறார். ஏழு வயதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்துக்குப் போய்விட்டு வந்து, 1931-இல் வந்த பழைய ‘ஃப்ராங்கன்ஸ்டைன்’ படத்தைப் பார்த்தார். பூசையில் விளங்காத பக்தி, தையல் போட்ட அந்த முகத்தைப் பார்த்தபோது விளங்கியது என்கிறார். அதே கதையைத் தன் கையால் படமாக்கி வெளியிட்டது 2025-இல். அறுபது வயது தாண்டிவிட்டது. அதையும் பெரும்பாலும் உன் ஊரிலேயே எடுத்தார்.

அவரை வளர்த்ததில் ஒரு பாட்டிக்குப் பெரிய பங்கு. சொந்தப் பாட்டி இல்லை, பாட்டி முறை. ஆனால் பாட்டி என்றே கூப்பிட்டு வளர்ந்தார். கடுமையான கத்தோலிக்கப் பக்தி உள்ளவர். பிள்ளை சதா பூதங்களை வரைவதைப் பார்த்து, ஏதோ பிடித்திருக்கிறது என்று தீர்த்தம் தெளித்துப் பேயோட்டியிருக்கிறார். ஒரு முறை இல்லை, இரண்டு முறை. சோடா மூடிகளை, பல் மேலே பார்க்கும்படி, ஷூவுக்குள் வைத்து அவரைப் பள்ளிக்கூடம் நடக்க வைத்தார். பாவம் கழியுமாம். போய்ச் சேர்வதற்குள் பாதத்தில் ரத்தம்.

அந்த இடத்தைப் படித்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன். அன்றைக்கு மேலே படிக்க முடியவில்லை.

உனக்கு ஒன்பது வயது. ஒரு வாரம் விட்டு விட்டுக் காய்ச்சல் அடித்தது. உன் ஆச்சி, "பேயா வரைஞ்சா பேய்தான் வரும்" என்று சொல்லி, கோயிலுக்குக் கூட்டிப்போய் மந்திரித்துக் கயிறு கட்டிவிட்டாள். அது உனக்கு ஞாபகம் இருக்கும். ஆச்சி மேல் உனக்கு ரொம்ப நாள் கோபம் இருந்தது. ஆனால் உன் நோட்டை எடுத்தது ஆச்சி இல்லை, நான். கோடு போடாத, நாற்பது பக்க நோட்டு. மறுநாள் விடிகாலையில் வெந்நீர் அடுப்பில் வைத்தேன். நீ தேடினாய். மூன்று நாள் பையைக் கவிழ்த்துக் கவிழ்த்துத் தேடினாய். "பள்ளிக்கூடத்துல விட்டிருப்ப" என்று சொன்னேன். அந்தப் பொய்யை இத்தனை வருஷம் நீ நம்பிக்கொண்டிருக்கிறாய்.

அடுப்பில் வைக்கும் முன்பு ஒரு பக்கத்தைப் பார்த்தேன். பல்லி உடம்பு, ஆந்தைக் கண். மழை பெய்கிறது. அது ஒரு கையில் குடை பிடித்துக்கொண்டு, இன்னொரு சின்ன பூதம் நனையாமல் சாய்த்துக் கொடுக்கிறது. பார்த்தும் வைத்தேன், தம்பி. காய்ச்சல் பயம்தான், வேறு காரணம் இல்லை. பயம் என்று சொல்லி நான் தப்பித்துக்கொள்ளப் பார்க்கவில்லை.

டெல் டோரோவும் நோட்டுக்காரர்தான். நினைத்ததையெல்லாம் வரைந்து, பக்கத்திலேயே பொடி எழுத்தில் எழுதி, நோட்டு நோட்டாக வைத்திருக்கிறார். ‘பான்ஸ் லேபிரின்த்’ படத்துக்காகப் பல வருஷம் எழுதிய நோட்டை லண்டனில் ஒரு டாக்சியில் விட்டுவிட்டார். படமே போயிற்று என்று உட்கார்ந்திருந்தவரைத் தேடிக் கண்டுபிடித்து, அந்த ஓட்டுநர் கொண்டுவந்து கொடுத்தார். முன்பின் தெரியாத ஒரு டாக்சிக்காரர். அந்தப் படத்துக்காகத் தன் சம்பளத்தையே விட்டுக்கொடுத்தார் டெல் டோரோ. 2006-இல் வந்தது, மூன்று ஆஸ்கர் வாங்கியது. அதில் ஒன்று மேக்கப்புக்கு, உன் தொழிலுக்கு. உள்ளங்கையில் கண் வைத்த அந்த வெளிறிய உருவமாக நடித்தவர் டக் ஜோன்ஸ். முகத்தில் கண்ணே கிடையாது என்பதால் மூக்குத் துவாரம் வழியாகத்தான் அவரால் வெளியே பார்க்க முடிந்ததாம். ஸ்பானிஷ் தெரியாத மனிதர் அந்தப் படத்தின் ஸ்பானிஷ் வசனங்களை ஒலி ஒலியாக மனப்பாடம் செய்திருக்கிறார். நீ உருவம் செய்கிறவன், உள்ளே நிற்கிறவர் எங்கே மூச்சு விடுவார் என்று யோசித்துத்தான் செய்வாய். அதனால் இது உனக்குப் பழைய செய்தியாகக்கூட இருக்கும்.

உனக்குத் தெரியாதது ஒன்று இருக்கலாம். அதைச் சொல்லத்தான் இத்தனையும்.

இருபது வயதுகளில் அவர் இயக்குநர் இல்லை. ‘தி எக்ஸார்சிஸ்ட்’ படத்துக்கு மேக்கப் போட்ட டிக் ஸ்மித்திடம் தொழில் கற்றார். அந்த நாளில் மெக்சிகோவில் இந்த வேலை செய்ய ஆள் கிடையாது. அதனால் தானே நெக்ரோபியா என்று ஒரு பட்டறை ஆரம்பித்து, மற்றவர்கள் படங்களுக்குக் காயமும் கட்டியும் பிணமும் செய்துகொடுத்தார். அப்போது அவர் முதலில் எடுக்க நினைத்தது பொம்மைகளை அசைத்து அசைத்து எடுக்கும் ஸ்டாப் மோஷன் படம். மூன்று வருஷம் தயாரானார்கள். நூற்றுக்கும் மேல் பொம்மைகள். ஒரு ராத்திரி எல்லாரும் சாப்பிட்டுவிட்டு ஒரு சினிமா பார்த்துவிட்டுத் திரும்பினால் பட்டறை உடைந்து கிடக்கிறது. திருட வந்தவர்கள் ஒரு பொம்மையை விடாமல் நொறுக்கி, அதன் மேலேயே மலம் ஜலம் கழித்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

மூன்று வருஷம், தம்பி. உன்னதைவிட ஒன்று கூட.

அந்த ராத்திரியோடு பொம்மைப் படத்தை விட்டுவிட்டு, மனிதர்களை வைத்து ‘க்ரோனோஸ்’ எடுத்தார். கடன் வாங்கித்தான். 1993-இல் பிரான்சில் நடக்கும் கான் திரைப்பட விழாவில், ‘விமர்சகர் வாரம்’ என்ற பிரிவில் பரிசு கிடைத்தது. அங்கிருந்துதான் எல்லாம். அடுத்து ஹாலிவுட்டில் எடுத்த ‘மிமிக்’ அவருக்கு வேதனையைத்தான் கொடுத்தது, தயாரிப்பாளர்கள் ஒவ்வொன்றிலும் கை வைத்தார்கள். ‘தி ஹாபிட்’ எடுக்க நியூசிலாந்து போய் இரண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு 2010-இல் விலகி வந்தார். 2011-இல் இன்னொரு பெரிய படத்தைத் தொடங்கும் முன்பே ஸ்டுடியோ நிறுத்திவிட்டது. பட்டியல் போட்டால் நீளும்.

2020 நவம்பரில் அவரே ஒரு கணக்குப் போட்டு எழுதினார். முப்பது வருஷத்தில் தனியாகவும் சேர்ந்தும் எழுதிய திரைக்கதைகள் 33. படமாகாதவை ஏறக்குறைய 20. ஒவ்வொன்றுக்கும் ஆறிலிருந்து பத்து மாசம். ஆக, சுமார் 16 வருஷம் போயிற்று. மிஞ்சியது அனுபவமும் கைத்திறனும்தான் என்று முடித்திருந்தார். அழுது புலம்பவும் இல்லை, அதைப் பெருமையாகவும் பேசவில்லை. வீட்டுச் செலவுக் கணக்கு மாதிரி எழுதியிருந்தார். நான் அதை நாலைந்து தடவை படித்தேன்.

சரி, அந்தப் பொம்மைகள்? மரப்பொம்மைப் பையன் கதையான ‘பினோக்கியோ’வை, பொம்மைகளை அசைத்து எடுக்கும் அதே மாதிரிப் படமாக அவர் 2008-லேயே அறிவித்துவிட்டார். யாரும் பணம் போட வரவில்லை. பத்து வருஷம் கழித்து நெட்ஃபிளிக்ஸ் வந்தது. மார்க் கஸ்டாஃப்சன் கூடச் சேர்ந்து இயக்கினார். படப்பிடிப்பு மட்டும் ஆயிரம் நாளுக்கு மேல். அந்தப் படத்தின் ஒரு பகுதியை எங்கே எடுத்தார்கள் தெரியுமா? குவாடலஹாராவில், அங்கத்திப் பிள்ளைகளை வைத்து ஒரு பட்டறையில். பொம்மைகள் நொறுங்கிய அதே நாட்டில், அவர் பிறந்த அதே ஊரில், முப்பது வருஷம் கழித்துப் பொம்மைகள் மறுபடி எழுந்து நின்றன. 2023-இல் ஆஸ்கரும் வாங்கின.

எனக்கு ஆஸ்கர் பெரிதாகப் படவில்லை. ‘தி ஷேப் ஆஃப் வாட்டர்’ படத்துக்கு 2018-இல் சிறந்த படம், சிறந்த இயக்குநர் என்று வாங்கினாரே, அதற்குப் பிறகு என்ன செய்தார் என்பதுதான் பிடித்தது. பரிசை வாங்கிய கையோடு குவாடலஹாரா திரைப்பட விழாவுக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுத்தார், காசு வாங்காமல். 2019-இல் மெக்சிகோ மாணவர்கள் கணித ஒலிம்பியாடுக்குப் போகப் பணம் இல்லை என்றதும் விமான டிக்கெட் செலவை ஏற்றுக்கொண்டார்.

இத்தனைக்கும் அந்த ஊர் அவருக்குச் செய்தது சின்னக் கொடுமை இல்லை. தொண்ணூறுகளின் கடைசியில் அவர் அப்பாவைக் கடத்திவிட்டார்கள். 72 நாள். நண்பர் ஜேம்ஸ் கேமரூன் உதவி செய்தார். பணம் கொடுத்து மீட்டார்கள். அதன் பிறகு பெண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நாட்டை விட்டே கிளம்பிவிட்டார். தானாக விரும்பிப் போன பயணம் இல்லை அது. நீ போனபோது நான் ரயில்வே ஸ்டேஷனில் அழுததை நினைத்துக்கொண்டேன். நீ விரும்பிப் போனாய், எனக்கு அந்த ஆறுதலாவது இருந்தது.

2022 அக்டோபரில் லண்டனில் ‘பினோக்கியோ’ முதல் முறையாகத் திரையிடப்படும் சமயத்தில் அவர் அம்மா இறந்துவிட்டார். சின்ன வயதில் அம்மாவும் மகனும் சேர்ந்து பார்த்த கதை அது. மேடையில் ஏறி, அம்மா இப்போதுதான் போனார், இந்தப் படம் எங்கள் இரண்டு பேருக்கும் ரொம்ப முக்கியம் என்று சொல்லிவிட்டுப் படத்தைக் காட்டினார். இதை எழுதுவது உன்னைப் பயமுறுத்த இல்லை. எனக்கு சுகர் கட்டுக்குள் இருக்கிறது, அப்பாவும் நன்றாக இருக்கிறார். அந்த அம்மா தன் மகன் செய்ததைக் கடைசிவரை தெரிந்துவைத்திருந்தாரே, அது மட்டும் என் மனதில் நிற்கிறது. நீ என்ன செய்கிறாய் என்று பக்கத்து வீட்டில் கேட்டால் "கம்ப்யூட்டர் வேலை" என்று சொல்லிவந்தேன். போன வாரம் "பூதம் செய்யுறான்" என்று சொன்னேன். அந்த அக்கா ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "களிமண்ணுலயா?" என்று கேட்டாள். பத்து நிமிஷம் விளக்கினேன், உன் படத்தையும் காட்டினேன்.

அங்கேயே இருப்பதா, வேறு வேலை பார்ப்பதா, இங்கே வருவதா என்று நீ எதை முடிவு செய்தாலும் எனக்குச் சம்மதம். வெட்கப்பட்டுக்கொண்டு மட்டும் வராதே. பெட்டிக்குள் போன அந்த உருவத்தின் அச்சு உன்னிடம் இல்லாவிட்டாலும், அந்தக் கழுத்து மடிப்பு எப்படி விழ வேண்டும் என்பதை உன் விரல் படித்துவிட்டது.

இதோடு கோடு போடாத நோட்டு ஒன்று அனுப்புகிறேன். நாற்பது பக்கம் இப்போது வருவதில்லையாம், எண்பதுதான் கிடைத்தது. எனக்காக ஒன்று வரைந்து அனுப்புவாயா? மழை, குடை, அந்தப் பெரிய பூதம், எல்லாம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. குடைக்குள் நின்றதே சின்னது, அதன் முகம்தான் எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

அம்மா