பையில் ஒன்றும் வேண்டாம்

பிரூல், ஃபன்டாசியாலாண்ட் பூங்கா நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். ஜெர்மனியில் கொலோன் நகரத்துப் பக்கம் குடியிருக்கும் தமிழன் நான். உங்கள் எஃப்.எல்.ஒய். ரோலர் கோஸ்டரில் ஏறும் முன் உடுப்பிலுள்ள பைகளைக் காலி செய்து, எல்லாவற்றையும் லாக்கரில் போட்டுவிட்டு, மெட்டல் டிடெக்டரைத் தாண்டி வரச் சொல்கிறீர்கள். இது என்ன விமான நிலையமா என்று சிலர் அலுத்துக்கொள்கிறார்கள். தயவுசெய்து அவர்களுக்காக இந்த விதியைத் தளர்த்திவிடாதீர்கள். அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

போன முறை என் மச்சானும் அலுத்துக்கொண்டார். ஜாக்கெட்டின் உள்பையில் கார்ச் சாவி கிடந்திருக்கிறது. கருவி கத்த, முணுமுணுத்தபடியே திரும்பிப் போய் வைத்துவிட்டு வந்தார். சரி, ஏறினோம்.

ஆள் குப்புறப் படுத்துப் பறப்பதுபோல் போகும் ‘பறக்கும் கோஸ்டர்’ வகை இது. இந்த வகையில் பழையவை பலவற்றில் நிலையத்திலேயே ஆளைக் குப்புறக் கவிழ்த்துவிடுவார்கள். ரயில் கிளம்பும்வரை அப்படியே தொங்கிக் கிடக்க வேண்டும். உங்களுடையதில் நாற்காலியில் உட்காருவதுபோல் உட்கார்ந்தோம். புறப்பட்ட பிறகுதான் இருக்கை திரும்பிக் கவிழ்ந்தது. அப்புறம் காந்த விசை ஒரே தள்ளாகத் தள்ளியது. மணிக்கு 78 கிலோமீட்டர்தான். உங்கள் இன்னொரு கோஸ்டரான டாரோன் 117இல் பாய்கிறது. ஆனால் செங்கல் சுவர் முகத்துக்கு நேரே வந்து கடைசி நொடியில் விலகும்போது யார் கணக்குப் பார்க்கிறார்கள்? 2020இல் திறந்தபோது, உந்தித் தள்ளிப் பறக்கவிடும் கோஸ்டர் உலகத்தில் வேறெங்கும் கிடையாது.

நான் சொல்லவந்தது கீழே தெரிந்ததைப் பற்றி. 1,236 மீட்டர் தண்டவாளத்தையும் ரூக்பர்க் என்ற அந்தச் சின்னப் பழங்கால நகரத்துக்குள்ளேயே சுருட்டி வைத்திருக்கிறீர்கள். நடைபாதைக்கு மேலே, ஹோட்டல் அறைகளை ஒட்டி என்று எங்கும் ஓடுகிறது. பூங்காவின் ஒரு மூலையில் தனியாக நிற்கும் கோஸ்டர் என்றால் வேறு கதை. இங்கே குப்புறப் பறக்கும் எனக்கு நேர் கீழே ஒருவர் தள்ளுவண்டியில் குழந்தையை உருட்டிக்கொண்டு போகிறார். மச்சானின் சாவி அங்கே விழுந்திருந்தால்?

இன்னொன்றும் உண்டு. கையில் கைப்பேசி இருந்திருந்தால் நான் கைகளை விரித்திருக்க மாட்டேன். விரித்தேன், ஐம்பது வயதில், வெட்கமே இல்லாமல்.

வரும் கோடையில் அம்மாவையும் கூட்டிவருகிறேன். அவர் ஏற மாட்டார்; காபியோடு கீழேதான் நிற்பார். மேலேயிருந்து ஒன்றும் விழாது, பயப்படாதீங்க என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் பூங்காவுக்கு அடிக்கடி வரும் ஒருவன்