துணிச்சுருளைத் திருப்பித் தாருங்கள்: டியூப் பால் குடிக்கும் குறைமாதக் குழந்தைகளுக்காக ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவமனை நிர்வாகத்தினருக்கும் ஆய்வுக் குழுவினருக்கும்,

வணக்கம்.

எங்கள் பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவை ஆய்வுக் குழு பார்வையிட்டு முடித்த கையோடு வந்த சுற்றறிக்கையின் பின்னணி உங்களுக்குத் தெரியும். அதை இங்கே திரும்ப எழுதவில்லை. அதில் உள்ள இரண்டு வரிகளைப் பற்றித்தான் இந்த மடல். வார்மரில், அதாவது குழந்தையைச் சூடாக வைக்கும் திறந்த படுக்கையில், குழந்தையைச் சுற்றி வைக்கும் துணிச்சுருள்களைத் தேவையற்ற பொருள் என்று அகற்றச் சொல்கிறது ஒன்று. எல்லாக் குழந்தைகளையும் எந்நேரமும் மல்லாந்தே கிடத்தச் சொல்கிறது மற்றொன்று. அந்த வாரமே ஒரு குழந்தைக்குப் பால் புரையேறியது. டூட்டியில் இருந்த செவிலியருக்கு மெமோ போனது. சுற்றறிக்கைக்கு யாரும் மெமோ கொடுக்கவில்லை.

மல்லாந்து கிடத்துவது நல்ல விதிதான், மறுக்கவில்லை. தூக்கத்தில் நேரும் திடீர் சிசு மரணத்தைத் தடுக்க வீட்டுக்குப் போன குழந்தைகளுக்காக வந்தது அது. படுக்கையில் தலையணை, துணிச்சுருள் எதுவும் வேண்டாம், மல்லாந்தே போடுங்கள் என்று டிஸ்சார்ஜ் அன்று தாய்மார்களுக்குச் சொல்லிக்கொடுப்பவர்களே நாங்கள்தான். கர்ப்பக் கணக்கில் 32 வாரம் தாண்டி நிலை தேறிய குழந்தைகளை வீட்டுக்கு அனுப்பும் முன்பே அப்படிப் பழக்கவும் செய்கிறோம். ஆனால் வீட்டுக் கட்டிலில் மானிட்டர் கிடையாது. இங்கே காலில் ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்டும் சேச்சுரேஷன் ப்ரோப், நெஞ்சில் இதயத்துடிப்பைக் காட்டும் லீட், பக்கத்தில் அலாரம், எதிரே ஒரு ஆள். வீட்டுக்கான விதியை அப்படியே தூக்கி வந்து, 1 கிலோகூட இல்லாத குழந்தையின் வார்மரில் ஒட்டுவது சரியா என்பதுதான் கேள்வி.

உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது இந்த மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போக ஏறக்குறைய 34 வாரம் ஆக வேண்டும். அதுவரை வாய் வழியே இரைப்பைக்குப் போகும் டியூப்தான். 1 கிலோ குழந்தைக்கு ஒரு நாளைக்கு 150 மி.லி. என்றால், இரண்டு மணிக்கொரு தரம் 12.5 மி.லி. போகிறது. இரைப்பையின் வாயை மூடும் தசை இன்னும் வலுவாகவில்லை. அதன் வழியே டியூபும் கிடப்பதால் முழுதாக மூடவும் மூடாது. மல்லாந்து கிடக்கும்போது உணவுக்குழாய் வந்து சேரும் வாய் இரைப்பையின் பின்பக்கம், தேங்கி நிற்கும் பாலுக்குள் மூழ்கிவிடுகிறது. காற்று முன்பக்கம் ஏறி நிற்கிறது. எதுக்களிக்கும்போது முதலில் மேலே வருவது பால்.

இனி இரவு இரண்டு மணி ஃபீடைப் பாருங்கள். குறைமாதக் குழந்தைக்கு உடம்புக்கு மிஞ்சிய தலை, பின்மண்டை துருத்திக்கொண்டு இருக்கும். தட்டையான மெத்தையில் மல்லாந்து போட்டால் தாடை நெஞ்சில் போய் இடிக்கும், மூச்சுக்குழல் மடங்கும். தோளுக்கு அடியில் ஒரு விரல் கன மடிப்புத் துணி இருந்தால் கழுத்து நேராக நிற்கும். அதைத்தான் தேவையற்ற பொருள் என்று எடுத்துவிட்டீர்கள். பிளஞ்சர் (உள்ளே தள்ளும் தண்டு) கழற்றிய சிரிஞ்சைக் குழந்தைக்கு 15 முதல் 20 செ.மீ. மேலே பிடித்து, பால் தன் எடையிலேயே இறங்கப் பதினைந்து இருபது நிமிடம் நிற்க வேண்டும். அதற்குள் பக்கத்துக் குழந்தையின் இன்ஃப்யூஷன் பம்ப் கத்தும். போகாமல் இருக்க முடியாது. சிரிஞ்சை வார்மர் கம்பியில் ப்ளாஸ்டர் போட்டு ஒட்டிவிட்டுப் போவார் ஒருவர். நேரமில்லாமல் பிளஞ்சரால் தள்ளிவிடுவார் இன்னொருவர். இரண்டும் தப்பு என்று எல்லோருக்கும் தெரியும். கம்பியின் உயரத்தில் பால் வேகமாக இறங்குகிறது, வயிறு உப்பி உதரவிதானத்தை மேலே தள்ளுகிறது. தாடை ஏற்கெனவே நெஞ்சில். சேச்சுரேஷன் 93இலிருந்து 80க்குக் கீழே, இதயத்துடிப்பு 150இலிருந்து 100க்குக் கீழே. கடைவாயில் பால் தெரியும். ஓடி வந்து டியூபைக் கிள்ளி, சிரிஞ்சைத் தாழ்த்தி, குழந்தையை ஒருக்களித்து, சக்‌ஷன் போட்டு, உள்ளங்காலைத் தட்டி எழுப்ப வேண்டும். அதன் பிறகு ஃபீட் நிறுத்தம், எக்ஸ்ரே, கழற்றிய ஐ.வி. லைன் மறுபடியும், கையோடு ஆன்டிபயாடிக். கூடிக்கொண்டிருந்த எடை அத்தோடு நின்றுவிடும். கேஸ் ஷீட்டில் எத்தனை மி.லி., எத்தனை மணிக்கு என்று எழுதப் பத்தி இருக்கிறது. குழந்தை எப்படிக் கிடந்தது என்று எழுத இடமே கிடையாது. அதனால்தான் மெமோவில் “கவனக்குறைவு” என்று எழுதுவது அவ்வளவு சுலபமாக இருக்கிறது.

கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்திக்கொள்ளுங்கள் என்று வாய்மொழியாகப் பதில் வந்தது. நல்லது, ஆனால் அது மட்டும் போதாது. சாய்த்த மெத்தையில் காலடியில் தடுப்பு இல்லாவிட்டால் குழந்தை சறுக்கும், இடுப்பில் மடியும், வயிறு நசுங்கும். எதுக்களிப்பு குறைவதற்குப் பதில் கூடும். காலடியில் U வடிவத்தில் ஒரு சுருள் இருந்தால்தான் சாய்வுக்கே அர்த்தம். ஒரே வார்மரில் இரண்டு குழந்தைகள் கிடக்கும் நாளில் சாய்த்தால் என்ன ஆகும் என்பதை உங்கள் கற்பனைக்கே விட்டுவிடுகிறோம்.

எதற்கு எந்த நிலை என்பதில் எங்களுக்குக் குழப்பமில்லை. இடப்பக்கம் ஒருக்களித்தால் இரைப்பையின் மேல்வாய் பாலுக்கு மேலே நிற்கும், எதுக்களிப்பு குறையும். வலப்பக்கம் திருப்பினால் குடலுக்குப் போகும் வாய் கீழே வருவதால் பால் சீக்கிரம் இறங்கும், ஆனால் எதுக்களிப்பு கூடுதல். குப்புறப் போட்டால் எதுக்களிப்பும் குறைவு, ஆக்சிஜனும் நன்றாக ஏறும். மூச்சுக்குத் திணறும் குழந்தைக்கு அதுவே நிம்மதி. ஆனால் தொப்புளில் லைன் போட்ட குழந்தையைக் குப்புறப் போடமாட்டோம். 32 வாரத்துக்கும் முன்னே பிறந்ததை முதல் 72 மணி நேரம் தலை நடுக்கோட்டில் இருக்குமாறு வைத்திருப்போம், மூளையில் ரத்தக் கசிவுக்குப் பயந்து. மூக்கு வழியே அழுத்தத்தோடு காற்று கொடுக்கும் சி-பேப்பில் இருப்பது காற்றை விழுங்கும், ஃபீடுக்கு முன் டியூபைத் திறந்து அந்தக் காற்றை வெளியேற்ற வேண்டும். ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரே வரியில் எல்லாவற்றையும் மல்லாக்கப் போட்டால் ஃபோட்டோவுக்கு வரிசை அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

திருப்பிப் போடும்போது ஆபத்து இல்லையா என்றால், இருக்கிறது. குப்புறத் திருப்பும்போது வயிற்றில் ஒட்டிய வெப்ப ப்ரோபை முதுகுப்பக்கம் மாற்ற வேண்டும். மறந்தால் ப்ரோப் உடம்புக்கும் மெத்தைக்கும் நடுவே மாட்டி அதிகச் சூடு காட்டும், வார்மர் தானாகச் சூட்டைக் குறைக்கும், குழந்தை குளிர்ந்துபோகும். உதட்டோரம் டியூபில் போட்ட குறி நகர்ந்ததா என்று ஒவ்வொரு திருப்பலுக்கும் பார்க்க வேண்டும். ஒன்றிரண்டு செ.மீ. வெளியே வந்தாலே நுனி உணவுக்குழாயில் நின்றுவிடலாம். பால் போன பிறகு அரை மணி நேரம் டயப்பர் மாற்றுவதற்காகக் காலைத் தூக்கக் கூடாது, எடை பார்க்கக் கூடாது. இதெல்லாம் கவனமாகச் செய்ய வேண்டிய வேலை. செய்ய ஆள் வேண்டும் என்பதுதான் சிக்கல். ஆளுக்குப் பதில் சுற்றறிக்கை வருகிறது.

இதைவிடச் சுலபமான வழி ஒன்று உண்டு. நிலை தேறிய குழந்தையை அம்மாவின் நெஞ்சில் நிமிர்த்தி, தாடையைச் சற்றே உயர்த்தி, துணியால் கட்டிவைத்து அப்படியே டியூபில் பால் கொடுப்பது. 1970களின் இறுதியில் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் இன்குபேட்டர் பற்றாக்குறையில் தொடங்கிய கங்காரு பராமரிப்பை, இப்போது பிறந்த உடனேயே ஆரம்பிக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் வராந்தாச் சுவரிலும் கங்காரு ஓவியம் பளிச்சென்று இருக்கிறது, வால் உட்பட. உள்ளே அம்மா சாய்ந்து உட்கார ஒரு நாற்காலி இல்லை. பெயிண்டுக்கு நிதி வந்ததாம், நாற்காலிக்கு வரவில்லையாம்.

மன்னிக்கவும், நாற்காலிக்குத் தனியாக எழுதுகிறோம். கேட்க வந்தது துணி.

கிருமித் தொற்று பற்றிய உங்கள் அச்சம் நியாயமானது. சலவை போகாத துணியும், ஒரு குழந்தைக்கு வைத்ததை இன்னொன்றுக்கு வைப்பதும் ஆபத்துதான். அதற்குத் தீர்வு துணியே இல்லாமல் செய்வதல்ல, போதுமான துணி தருவது. ஒரு குழந்தைக்கு ஒரு செட் என்றால் சுற்றி வைக்க ஒரு நீளச் சுருள், தோளுக்கு ஒரு சிறு மடிப்பு, குப்புறப் போடும்போது இடுப்புக்கு ஒன்று. எல்லாம் வெறும் பருத்தி, ஸ்பாஞ்ச் வேண்டாம். ஒரு செட் உபயோகத்தில், ஒன்று சலவையில், ஒன்று ஆட்டோகிளேவ் முடிந்து தயாராக. ஆக, படுக்கைக்கு மூன்று செட். தினம் ஒரு முறையும், பால் பட்டு நனைந்தால் உடனேயும் மாற்றிவிடுவோம். தையல் பிரிவில் பழைய பெட்ஷீட்டிலேயே வெட்டித் தைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். செலவு என்று சொல்ல ஒன்றுமில்லை.

எனவே அந்த இரண்டு வரிகளையும் தயவுசெய்து திரும்பப் பெறுங்கள். அவற்றின் இடத்தில், மானிட்டரில் இருக்கும் குழந்தையை எப்படிக் கிடத்துவது என்பதை டூட்டி டாக்டரும் செவிலியரும் ஒவ்வொரு ஃபீடுக்கும் முடிவு செய்யலாம் என்று ஒரு வரி போதும். ஃபீட் சார்ட்டில் “கிடத்திய நிலை” என்று ஒரு பத்தி சேர்த்து அச்சடியுங்கள். இடம், வலம், குப்புற, மல்லாந்து, அம்மா நெஞ்சில் என்று ஒரு டிக் போதும். அடுத்த முறை புரையேறினால் யார் தப்பு என்று பார்ப்பதற்கு முன், எப்படிக் கிடந்தது என்று பார்க்கலாம். அந்த மெமோவையும் இந்த வெளிச்சத்தில் ஒருமுறை மறுபரிசீலனை செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

துணிக்கான இன்டென்ட் (பொருள் கேட்கும் படிவம்) ஏற்கெனவே உங்கள் மேசைக்கு வந்துவிட்டது. கையெழுத்து மட்டும்தான் பாக்கி. இந்த வாரத்துக்குள் போட்டுத் தந்தால் நன்றியுடையவர்களாக இருப்போம்.

இப்படிக்கு,
பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவுச் செவிலியர்கள்