தொண்டை கட்டினால் குசுகுசுக்க வேண்டாம்

பத்திரிகை ஆசிரியர் அவர்களுக்கு,

தவணை தொடங்கி மூன்று நான்கு கிழமைக்குள் கொழும்புப் பாடசாலைகளில் பல ஆசிரியைமாருக்குத் தொண்டை கட்டிவிடுகிறது. "சத்தமா கதைக்காதீங்கோ டீச்சர், குசுகுசுத்தாப் போதும். உப்புத் தண்ணியில கொப்பளியுங்கோ" என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். இரண்டாலும் குரல் திரும்பாது.

குசுகுசுக்கும்போது குரல்நாண்கள், அதாவது குரல்வளைக்குள் குரலை எழுப்பும் இரண்டு மடிப்புகள், அதிர்வதில்லை என்பது சரி. ஆனால் அவற்றைச் சுற்றியுள்ள தசைகளைப் பலர் அப்போது இறுக்கிக்கொள்கிறார்கள். பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கும்படி இயல்பான குரலில் பேசுவதே மேல். கொப்பளிக்கும் தண்ணீர் குரல்நாண் வரை போவதில்லை, போனால் புரையேறிவிடும். கொத்தமல்லியும் இஞ்சியும் அவித்த தண்ணீரும் உணவுக்குழாயால்தான் இறங்குகிறது. இதமாக இருந்தால் குடியுங்கள், ஆனால் நாண்களை நேரே நனைப்பது மூச்சோடு போகும் ஆவி மட்டுமே. அடிக்கடி செருமுவது இன்னும் மோசம், இரண்டு நாண்களையும் பலமாக அடித்துக்கொள்ள வைக்கிறது. செருமல் வந்தால் ஒரு மிடறு தண்ணீரை விழுங்குங்கள்.

பெண் குரலில் நாண்கள் செக்கனுக்கு ஏறத்தாழ 200 தடவை மோதுகின்றன, ஆண் குரலில் 110, 120 தடவை. 40 நிமிடப் பாடவேளையில் 10 நிமிடம் மட்டுமே குரல் ஒலித்தாலும் ஓர் ஆசிரியைக்கு 120,000 மோதல்! மண்வெட்டி பிடித்த கை காய்த்துப்போவது போல, நாண்களின் முன் மூன்றில் ஒரு பங்கு முடியும் இடத்தில், இரு பக்கமும் சிறு முடிச்சுகள் வருகின்றன. மோதல் பலமாக விழும் இடம் அது. அதன்பின் நாண்கள் முழுதாக மூடாமல் காற்று கசியும், குரல் கம்மும். கம்மிய குரலில் சொல்லப்பட்டதைப் பிள்ளைகள் குறைவாகவே விளங்கிக்கொள்கிறார்கள் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆக, நட்டம் ஆசிரியைக்கு மட்டுமல்ல.

வெளியே காலி வீதியில் (Galle Road) பஸ் இரைச்சல், உள்ளே மின்விசிறி, பலகை மறைப்புக்கு அந்தப் பக்கம் இன்னொரு வகுப்பு. இரைச்சல் கூடினால் நாம் அறியாமலே குரலை உயர்த்துவோம். இதை 1911இல் லொம்பார்ட் என்ற பிரெஞ்சு வைத்தியர் எடுத்துக்காட்டினார். மனவுறுதியால் அடக்கக்கூடிய பழக்கமல்ல இது. தூரம் இரட்டித்தால் திறந்த வெளியில் ஒலி 6 டெசிபல் குறையும். எனவே கரும்பலகையைப் பார்த்தபடி பேசாமல், எழுதி முடித்து, நடு வரிசைக்கு வந்து பேசுவதே பாதிப் பாரத்தைக் குறைக்கும்.

மீதிக்கு, இடுப்பில் கட்டும் சிறிய ஒலிபெருக்கி போதும். தலையில் மாட்டும் ஒலிவாங்கியை வாய்க்கு நேரே வைத்தால் மூச்சு 'புஸ்' என்று அடிக்கும். கடைவாய்க்குப் பக்கமாக இரண்டு விரல் தள்ளி வையுங்கள். கீச்சிட்டால் ஒலியளவைக் குறையுங்கள். அதைக் கட்டிக்கொண்டும் கத்துகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு எந்தக் கருவியும் உதவாது.

காலையில் ஒரு பயிற்சி. அரைக் கிளாஸ் தண்ணீரில் ஸ்ட்ரோவை 2 சென்றிமீற்றர் அமிழ்த்தி, குமிழி எழும்ப 'ஊ' என்று ஒலியுங்கள், இரண்டு நிமிடம். கன்னம் தளர்வாக இருக்கட்டும். தண்ணீரின் எதிரழுத்தத்தால் நாண்கள் மெதுவாக மோதும். கழுத்து இறுகினால் ஸ்ட்ரோ ஆழமாகப் போய்விட்டது, சற்று உயர்த்துங்கள்.

கம்மல் மூன்று கிழமைக்கு மேல் நீடித்தால் பாமசியில் அன்டிபயோட்டிக் கேட்காமல், காது மூக்குத் தொண்டை வைத்தியரிடம் குரல்வளையைக் காட்டுங்கள். முடிச்சு என்றால் பெரும்பாலும் முதல் வைத்தியம் குரல் பயிற்சியே, கத்தி அல்ல. புகைப்பவர்கள் மூன்று கிழமைகூடக் காத்திருக்க வேண்டாம்.

இல்ல விளையாட்டுப் போட்டிக்கென்று பாடசாலை அபிவிருத்திச் சங்கங்கள் பெரிய ஒலிபெருக்கிகள் வாங்குகின்றன. அவை வருடம் முழுக்கக் களஞ்சிய அறையில் பூட்டிக் கிடக்கின்றன. அடுத்த கூட்டத்தில் அந்தச் செலவோடு வகுப்பறைக்கான சிறிய கருவிகளையும் சேர்க்கும்படி பெற்றோர் கேட்கவேண்டும், முதலில் ஆரம்பப் பிரிவுக்கு.

இப்படிக்கு,
பேச்சுச் சிகிச்சையாளர்கள் சிலர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.